திக்குவாயோடு புதுக் குழுவில் முதல் நாள்: வாயே திறக்காமல் இருந்துவிட்டால் என்ன?

கேள்வி (ஜூன் 3)

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். தெரிந்தவர்களிடம் ஓரளவு சமாளித்துவிடுவேன். புது ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தால் என் பெயர்கூட வராது. இந்த மாதக் கடைசியில் ஒரு வாசிப்புக் குழுவில் சேர்கிறேன். முதல் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். நான் யோசித்து வைத்திருப்பது இதுதான்: முதல் சில சந்திப்புகளில் சிரித்து, தலையாட்டி, சும்மா இருந்துவிடுவது. பழகிய பிறகு பேசிக்கொள்ளலாம். ‘அமைதியான ஆள்’ என்று நினைத்தால் நினைக்கட்டும். ‘திக்குவாய்’ என்று நினைப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்களே. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

எனக்கும் திக்குவாய்தான். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, இன்னும் திக்குகிறேன். நீங்கள் சொல்லும் திட்டத்தை வருடக்கணக்கில் நடத்திப் பார்த்தவன். என் பதில்: வேண்டாம்.

பேசாமல் உட்கார்ந்திருப்பவனை யாரும் ‘அமைதியான ஆள்’ என்று நினைப்பதில்லை தம்பி. அது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். நீங்கள் ஏன் பேசவில்லை என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அவராகவே ஒரு காரணத்தைப் போட்டு நிரப்பிக்கொள்வார். திமிர் என்பார், ஆர்வமில்லை என்பார், நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்பார். ‘பாவம், ஏதோ பேச்சில் சிரமம்’ என்ற காரணம் மட்டும் அவருக்குத் தோன்றவே தோன்றாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பயிற்சி வகுப்பில் முதல் நாள். வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் பெயர் ‘க’வில் தொடங்கும். என் முறை வந்ததும் வழக்கம்போல அடைத்துக்கொண்டது. அடைப்பு என்றால் திக்காதவர்களுக்குப் புரியாது: நாக்கின் பின்பக்கம் மேலே ஒட்டிக்கொள்ளும், தொண்டை இறுகும், உள்ளே காற்று இருக்கும், ஆனால் நகராது. சத்தமே இல்லாமல் வாய் திறந்தபடி நிற்கும். அன்று அந்த நிலையிலிருந்து தப்பிக்க, வாயில் சுலபமாக வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டேன். ‘மணி.’

அந்த வகுப்பு முடியும்வரை நான் மணி. பின்னாலிருந்து ‘மணி, மணி’ என்று கூப்பிடுவார்கள். நான் என் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருப்பேன். நம் பெயராக இருந்தால்தானே திரும்புவதற்கு. வேறு எதையும் பேசினால் மாட்டிக்கொள்வோம் என்று இடைவேளையிலும் யாரோடும் ஒட்டவில்லை. பின்னால் ஒரு நண்பன் சொன்னான்: ‘அந்த மணிக்கு ரொம்பத் தலைக்கனம்’ என்று பேசிக்கொண்டார்களாம். எனக்குத் திக்குவாய் என்பது கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. அந்த வகையில் திட்டம் நூற்றுக்கு நூறு பலித்தது.

ஜூன் 4, காலை

மற்ற வார்த்தைகள் வருகின்றன, பெயரில் மட்டும் ஏன் இப்படி மாட்டுகிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். திக்குவாய் உள்ள நிறையப் பேருக்குப் பெயர்தான் பெரிய எதிரி. மற்றதற்கெல்லாம் மாற்றுச் சொல் உண்டு. ‘கடினம்’ வராவிட்டால் ‘சிரமம்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். இதில் நாம் எல்லோருமே கைதேர்ந்தவர்கள். வாக்கியம் பாதி போகும்போதே மூன்று சொல் தள்ளி ஒரு ‘க’ வரப்போவது தெரிந்து வழியை மாற்றிவிடுவோம். பெயருக்கு மாற்று கிடையாது. அதோடு, பெயரைக் கேட்டால் யாரும் யோசிக்க நேரம் தருவதில்லை. கொஞ்சம் தாமதித்தால் ‘என்ன, பெயர் மறந்துவிட்டதா?’ என்று சிரிப்பார்கள். இந்த நகைச்சுவையைச் சொன்ன ஒவ்வொருவரும் உலகத்திலேயே தான்தான் அதை முதலில் சொல்வதாக நினைத்துக்கொள்வது ஒரு விசேஷம்.

கூட்டத்தில் ஏன் இன்னும் மோசமாகிறது என்பதற்கு எனக்குத் திருப்தி தந்த விளக்கம் திக்குவாய் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து வரவில்லை, சாதாரண உரையாடல் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 2009-இல் 10 மொழிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியானது. ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடி போலத்தான், அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான். இத்தனைக்கும் ஒரு சொல்லை மனதில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே 600 மில்லிநொடி போல ஆகிறது. ஆக, எல்லோருமே அடுத்தவர் பேசி முடிக்கும் முன்பே தங்கள் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இருவர் பேசும்போது நாம் தாமதித்தால் எதிரே உள்ளவர் வேறு வழியில்லாமல் காத்திருப்பார். ஐந்து பேர் என்றால் அந்தக் கால் நொடிக்குக்கூட நாலு பேர் போட்டி. என் அடைப்பு ஒன்று முடிந்து வாய் திறப்பதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும்.

ஜூன் 4, மதியம்

மேலே எழுதியதற்கு நடைமுறையில் என்ன செய்வது என்றால்: வாய்க்கு முன்னால் உடம்பை அனுப்புங்கள். முன்னால் சாய்வது, கையை லேசாக உயர்த்துவது, ‘ம்ம்’ என்று ஒரு சத்தம். ‘அடுத்து இவர் பேசப்போகிறார்’ என்பது நாலு பேருக்கும் தெரிந்துவிட்டால் பிறகு மூன்று நொடி அடைத்தாலும் அந்த இடம் உங்களுடையதுதான். எனக்குப் பெரிய வித்தியாசம் தந்தது இந்தச் சின்ன விஷயம். பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஜூன் 6

நடுவில் ஒரு நண்பர் வந்து ‘மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, பதற்றப்படாமல், மெதுவாகப் பேசுங்கள், எல்லாம் மனசுதான்’ என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல் போட்டுப் பழகிய கதையைச் சொல்லியிருக்கிறார்.

முதலில் கூழாங்கல். அந்தக் கதையை எழுதிவைத்தவர் புளூட்டார்க் என்ற பழங்கால வரலாற்று எழுத்தாளர். டெமாஸ்தனிஸுக்கு உச்சரிப்புத் தெளிவில்லை என்பதுதான் பழைய குறிப்புகளில் முக்கியமாக வருகிறது. ‘ர’ ஒலி அவருக்கு வரவில்லை என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ சொல்கிறார். அது திக்குவாய்தானா என்பதே சந்தேகம். எப்படி இருந்தாலும், முதல் சந்திப்பில் வாயில் கல்லோடு போய் நின்றால் ஏற்படும் அபிப்பிராயத்தைத் திருத்த இதுபோல இன்னொரு கேள்வி-பதில் இழை திறக்க வேண்டியிருக்கும்.

இனி ‘எல்லாம் மனசுதான்’. இதை நான் விடப்போவதில்லை. திக்குவாய் பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வருகிறது, முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே போய்விடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் போல மிஞ்சுகிறோம், அதில் ஆண்கள் பல மடங்கு அதிகம். குடும்பங்களில் தொடர்ந்து வருவது பல காலமாகத் தெரிந்ததுதான். 2010-இல் மரபியல் ஆராய்ச்சியாளர் டென்னிஸ் டிரேனாவின் குழு இதனோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களைக் கண்டறிந்து வெளியிட்டது. பயத்தால் திக்குவாய் வருவதில்லை. இருக்கும் திக்கைப் பயம் கூட்டும், அது உண்மை. இரண்டும் வேறு வேறு.

தனியாக இருக்கும்போது சரளமாகப் பேசுகிறோமே, அப்படியானால் மனசுதானே என்று கேட்பார்கள். ஆமாம், ஆளில்லாத அறையில் நான் பிரமாதமான பேச்சாளன். கூடச் சேர்ந்து ஒரே குரலில் வாசித்தாலும், பாடினாலும் பெரும்பாலோருக்குத் திக்கு காணாமல் போய்விடுகிறது. இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது பேச்சின் வேலையையே மாற்றிவிடுகிறது. மாற்றுகிறது என்பதற்காக அது கற்பனை ஆகிவிடாது.

‘எல்லாம் மனசுதான்’ என்று நினைத்து விபரீதமாகச் செய்ததும் உண்டு. 1939-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பேச்சுக் குறை ஆராய்ச்சியாளர் வெண்டல் ஜான்சன் வழிகாட்டலில் ஒரு சோதனை நடந்தது. ஜான்சனுக்கே திக்குவாய். திக்கு திக்குபவனின் வாயில் தொடங்குவதில்லை, பெற்றோரின் காதில்தான் தொடங்குகிறது என்பது அவர் பின்னாளில் சொன்ன கோட்பாடு. அநாதை இல்லத்துக் குழந்தைகள் 22 பேரில் நன்றாகப் பேசிய சிலரிடம் ‘உனக்குத் திக்குகிறது, கவனமாகப் பேசு’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகளுக்குத் திக்குவாய் வந்துவிடவில்லை. பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள், கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள். 2001-இல்தான் பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. கேள்வி கேட்ட தம்பிக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்: வாயை மூடிக்கொள்வது திக்கிலிருந்து வருவதில்லை. நம் பேச்சை நாமே காவல் காப்பதிலிருந்து வருகிறது. திக்கே இல்லாத குழந்தையையும் அது வாயடைக்க வைத்துவிட்டது.

ஜூன் 7

வட்டமாக உட்கார்ந்து பெயர் சொல்லும் விஷயம். இதை வைத்து ஒரு காலத்தில் எவ்வளவோ கூட்டங்களுக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன், அந்தச் சுற்று முடிந்த பிறகு உள்ளே நுழைவதற்காக. (தாமதமாக வருபவனைத் தனியாக எழுப்பிப் பெயர் கேட்பார்கள் என்பது பிறகு தெரிந்தது.)

கொல்வது பேசும் அந்தப் பத்து நொடி அல்ல. காத்திருக்கும் நேரம்தான். இன்னும் ஆறு பேர், இன்னும் நாலு பேர் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே முதலில் பேசுகிற இடத்தில் உட்காருங்கள். சுற்று எங்கிருந்து தொடங்கும் என்று தெரியாவிட்டால் ‘நான் தொடங்கட்டுமா’ என்று கேட்டுவிடுங்கள். திக்குபவன் தானாக முன்வந்து முதலில் பேசுகிறான் என்றால், பிறகு எத்தனை முறை திக்கினாலும் ‘பயந்தவன்’ என்ற முத்திரை ஒட்டாது.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள், பயம் பாதியாகக் குறையும். 1973-இல் மால்கம் பிரென்னர் என்பவர் இதே வட்டத்தைச் சோதனையாக நடத்தினார். ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது ஒரு சொல்லைச் சத்தமாக வாசிக்க வேண்டும், பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று நினைவுபடுத்த வேண்டும். தங்கள் முறைக்குச் சற்று முன்னால் சொல்லப்பட்டவைதான் பலருக்கு நினைவில் நிற்கவே இல்லை. அவரவர் தன் முறைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஆக, உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர் நீங்கள் திக்குவதைக் கேட்கும் நிலையில் இல்லை. அவர் தன் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்.

ஜூன் 9

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘வேண்டாம்’ என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறேன். கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும்.

பேசாமல் இருப்பதிலும் இரண்டு வகை உண்டு. பேசுகிறவரின் முகத்தைப் பார்த்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது ஒன்று. ‘என்னைக் கேட்டுவிடாதே’ என்று செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது இன்னொன்று. முதல் வகையைக் கண்டு யாரும் தப்பாக நினைப்பதில்லை. நான் ‘மணி’யாக இருந்தது இரண்டாவது வகை. நிறையப் பேசுவது இயல்பில்லை என்றால் நிறையப் பேச வேண்டாம். நாலு வார்த்தை போதும். ஆனால் அந்த நாலு வார்த்தையும் உங்களுக்குப் பிடித்த வார்த்தையாக இருக்கட்டும், திக்காத வார்த்தையாகத் தேடிப் பிடித்ததாக இருக்க வேண்டாம். சுலபமான சொல்லுக்காகக் கருத்தையே மாற்றிக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. புத்தகம் பிடித்திருந்ததா என்று கேட்டால் ‘கதாநாயகி பிடித்தாள்’ என்று சொல்ல நினைத்து, ‘க’ வராது என்று ‘ம், பரவாயில்லை’ என்று முடித்துக்கொள்வது. கேட்டவர் உங்களுக்குப் புத்தகமே பிடிக்கவில்லை என்று நினைத்துப் போய்விடுவார்.

ஜூன் 10, இரவு

எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன்: முன்கூட்டியே சொல்லிவிடலாமா, கூடாதா?

சொல்லலாம் என்பது என் கட்சி. ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கோர்ட்னி பெர்ட் குழு 2017-இல் இதையே ஆராய்ந்தது. திக்குபவர் பேசும் காணொளியைப் பார்ப்பவர்களிடம் காட்டினார்கள். சிலவற்றில் அவர் ‘எனக்குத் திக்கும், எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகலாம்’ என்ற மாதிரி தகவலாகச் சொல்கிறார். சிலவற்றில் ‘பொறுத்துக்கொள்ளுங்கள், மன்னியுங்கள்’ என்ற தொனியில் சொல்கிறார். தகவலாகச் சொன்னவரைத்தான் பார்ப்பவர்கள் நட்பாகவும் தன்னம்பிக்கையோடும் இருப்பவராக மதிப்பிட்டார்கள்.

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை, ஏனென்றால் இரண்டையும் பார்த்திருக்கிறேன். ‘மன்னிச்சுக்கங்க, எனக்குக் கொஞ்சம் திக்கும்’ என்று தொடங்கினால் எதிரே இருப்பவருக்கு ஒரு வேலை வந்துவிடுகிறது. ‘ஐயோ, அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று ஆறுதல் சொல்ல வேண்டும். அப்புறம் ஒவ்வொரு முறை திக்கும்போதும் தலையை ஆட்டி ஊக்கப்படுத்த வேண்டும். அந்த மாலை முழுக்க அவர் செவிலியர், நான் நோயாளி. இப்போது நான் சொல்வது இவ்வளவுதான்: ‘எனக்குத் திக்கும். நின்றால் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், வரும்.’ பேச்சுவாக்கில், நேரம் கேட்பது போல அத்தனை சாதாரணமாக. சொன்ன உடனே விஷயத்துக்குப் போய்விட வேண்டும். அங்கேயே நின்று விளக்கம் கொடுக்கக் கூடாது.

சொல்லாமல் சொல்வதும் உண்டு. வேண்டுமென்றே திக்குவது. அடைத்துக்கொள்ளாத ஒரு சுலபமான சொல்லில், அவசரமில்லாமல், நாமாகவே இரண்டு முறை இழுத்துச் சொல்வது. கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். தானும் திக்குபவரான பேச்சுப் பயிற்சி நிபுணர் சார்ல்ஸ் வான் ரைப்பர் தன் பயிற்சியில் இதைச் சேர்த்திருந்தார். எனக்குப் பேச்சுப் பயிற்சியாளர் முதலில் இதைச் சொன்னபோது ‘இதுக்கா காசு கொடுத்தேன்’ என்று தோன்றியது. ஆனால் முதல் வாக்கியத்திலேயே நானாகத் திக்கிக் காட்டிவிட்டால் மறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதபோது உண்மையான அடைப்புகள் குறைந்துபோகின்றன, எனக்காவது அப்படித்தான்.

மாட்டிக்கொண்ட பிறகு என்ன செய்வது என்பதற்கும் வான் ரைப்பரிடம் பதில் இருந்தது: முட்டாதே. அந்த ஒலியிலேயே நில், இறுக்கத்தைத் தளர்த்து, மெதுவாக இழுத்து வெளியே வா. முட்டி மோதினால்தான் கண் சிமிட்டல், தலை வெட்டல், கால் தட்டல் எல்லாம் சேருகிறது. பார்ப்பவரைத் திடுக்கிட வைப்பது பெரும்பாலும் திக்கு அல்ல, இந்தக் கூட்டாளிகள்தான். திக்குவாயை உளவியலாளர் ஜோசப் ஷீஹன் பனிப்பாறையோடு ஒப்பிட்டது அதனால்தான்: வெளியே கேட்பது ஒரு நுனி, கீழே வெட்கமும் மறைப்பும் பெரிதாகக் கிடக்கின்றன.

ஜூன் 11

ஒரு பின்குறிப்பு. நம் திக்கை நாமே கிண்டல் செய்து பனியை உடைக்கலாமே என்று ஒருவர் கேட்கிறார். நான் செய்ததுண்டு, நன்றாக எடுபடும். சிக்கல் என்னவென்றால், கதவைத் திறந்துவிட்ட பிறகு அடுத்த ஜோக்கை அவர்கள் சொல்வார்கள். அது உங்களுக்குச் சரி என்றால் சரி. எனக்கு முதல் நாளில் சரியாக இருந்தது மூன்றாவது மாதம் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 14

‘எனக்குத் திக்கு இல்லை, ஆனால் ‘ச’ எல்லாம் ‘த’ போல விழுகிறது, இதற்கு என்ன செய்வது’ என்று ஒரு பெண் எழுதியிருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு குழறும் தன் அண்ணனைப் பற்றி இன்னொருவர். இரண்டும் என் அனுபவத்துக்கு வெளியே, ஆனாலும் கவனித்ததைச் சொல்கிறேன்.

உச்சரிப்புக் குறையில் நேரம் பிரச்சினை இல்லை. பேச்சு நிற்காமல் போகிறது, யாரும் குறுக்கே வருவதில்லை. தொந்தரவு என்னவென்றால் குழந்தைத்தனமாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள்’ என்று கன்னத்தைக் கிள்ளாத குறையாகச் சிரிக்கிறார்கள், சொன்ன விஷயம் காதில் ஏறவே இல்லை. அங்கே முன்னறிவிப்பு தேவையில்லை என்றுதான் தோன்றுகிறது. சிரித்தவரிடம் ‘சரி, நான் கேட்டதற்குப் பதில்?’ என்று விஷயத்துக்கு இழுத்துவருவது போதும்.

குழறும் பேச்சு வேறு. நாக்கு, உதடு தசைகளின் கட்டுப்பாடு குறைந்து வருவது அது. தெரியாதவர்கள் முதலில் நினைப்பது குடித்திருக்கிறார் என்று. இங்கே முன்னால் சொல்லிவிடுவது நல்லது, அதுவும் தகராறு வரக்கூடிய இடங்களில் எழுதிய அட்டையே கையில் இருந்தால் இன்னும் நல்லது. குழுவில் என்றால் அண்ணனுக்காகத் தம்பி பேச ஆரம்பித்துவிட வேண்டாம். ‘அண்ணனுக்குப் பேச்சு கொஞ்சம் குழறும், புத்தியெல்லாம் அப்படியே இருக்கிறது, அவரிடமே கேளுங்கள்’ என்று ஒரு முறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஜூன் 15

நம் வாக்கியத்தை முடித்துக் கொடுப்பவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே!

நல்லவர்கள்தான், உதவி செய்வதாக நினைக்கிறார்கள். ‘நான் போன வாரம் க… க…’ ‘கடைக்குப் போனீர்களா?’ ‘இல்லை, க… க…’ ‘கல்யாணத்துக்கா?’ ‘க…’ ‘கண் டாக்டரிடமா?’ எனக்குள் ஒரு சாத்தான் இருக்கிறது, சில நேரம் ‘ஆமாம், கண் டாக்டர்’ என்று ஒப்புக்கொண்டுவிடுவேன். பிறகு அவர் கண்ணுக்கு என்ன என்று விசாரிப்பார். கண்ணாடி போட வேண்டுமாம் என்பேன். இப்படி ஒரு குழுவில் எனக்கு இல்லாத பார்வைக் கோளாறு ஒன்று ரொம்ப நாள் இருந்தது. நான் சொல்ல வந்தது கச்சேரி.

நிறுத்த வழி: முகத்தைப் பார்த்து விரலை லேசாக உயர்த்தி, ‘நானே சொல்கிறேன்’. கோபம் இல்லாமல். ஒரு முறை சொன்னால் போதும், மற்றவர்களும் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அப்புறம் கண். அடைக்கும்போது நான் கூரையைப் பார்ப்பேன். எதிரே இருப்பவரும், என்ன இருக்கிறது என்று கூரையைப் பார்ப்பார். நாம் கண்ணை எடுத்தால் ‘இது பார்க்கக் கூடாத விஷயம்’ என்று அவர்களுக்கு நாமே சைகை காட்டிவிடுகிறோம். கண்ணை எடுக்காமல் திக்குவதுதான் நான் கற்றுக்கொண்டதிலேயே கஷ்டமான வித்தை, இன்னும் முழுதாக வரவில்லை.

ஜூன் 19

‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்பதைத் தொடாமலே வந்துவிட்டோம் என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார்.

அதில் உண்மை இருக்கிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946-இல் ஒரு மனிதரின் குணங்கள் என்று அதே ஆறு குணங்களை ஆட்களிடம் இரண்டு வரிசையில் கொடுத்தார். ‘புத்திசாலி, உழைப்பாளி’ என்று தொடங்கி ‘பொறாமைக்காரர்’ என்று முடிந்தால் ஒரு மாதிரி, தலைகீழாகக் கொடுத்தால் வேறு மாதிரி ஆளாகக் கற்பனை செய்தார்கள். முதலில் வந்தது பின்னால் வருவதற்கு நிறம் பூசுகிறது. 2014-இல் கிளாஸ்கோவில் நடந்த ஆய்வில், ஒரு நொடிகூட நீளாத ‘ஹலோ’ ஒன்றை மட்டும் கேட்டே குரலுக்குரியவர் நம்பத்தகுந்தவரா, அதிகாரம் செய்பவரா என்று ஆட்கள் மதிப்பிட்டார்கள், மதிப்பீடுகள் பெருமளவு ஒத்தும் போயின. கவனியுங்கள், பெயர் வரை போகவே இல்லை. உங்கள் பெயர் மாட்டிக்கொள்வதற்குள் முதல் அபிப்பிராயம் பாதி முடிந்துவிடுகிறது. நுழையும்போது இருக்கும் முகமும் அந்த முதல் சிரிப்பும் முதலில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

இனிக்கிற செய்தி மட்டும் சொன்னால் நியாயமில்லை. திக்குபவர் என்றாலே பதற்றக்காரர், கூச்சக்காரர் என்று ஆட்கள் நினைப்பது 1970-களிலிருந்தே ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அதற்கு ஒரு விளக்கமும் உண்டு: எல்லோருக்கும் எப்போதாவது பதற்றத்தில் நாக்குத் தடுமாறும், அந்த அனுபவத்தை வைத்து நம்மையும் அளக்கிறார்கள். வேலை நேர்காணலில் இது அடிக்கும், எனக்கு அடித்திருக்கிறது. ஒரு வாசிப்புக் குழுவில் அந்த அளவுக்கு அடிக்காது, ஏனென்றால் அங்கே அடுத்த வாரமும் பார்க்கப்போகிறார்கள்.

நாம் நம்மை மதிப்பிடுவதிலும் நம்பகத்தன்மை இல்லை. 2018-இல் எரிகா பூத்பி முதலானோர் வெளியிட்ட ஆய்வில், புதியவர்கள் பேசி முடித்த பின் ‘அவருக்கு என்னை எவ்வளவு பிடித்திருக்கும்’ என்று கேட்டபோது, உண்மையில் பிடித்திருந்ததைவிடக் குறைவாகவே ஊகித்தார்கள். இது திக்காதவர்களின் கதை. அவர்களுக்கே அப்படி என்றால் திக்கிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது நம் மண்டைக்குள் ஓடும் மதிப்பெண் பட்டியலை எவ்வளவு நம்புவது?

ஜூலை 1

தம்பி வந்து எழுதியிருப்பதைப் பார்த்தேன். வட்டத்தில் இரண்டாவதாக உட்கார்ந்தீர்கள், பெயர் நன்றாகவே மாட்டியது, ‘எனக்குத் திக்கும்’ என்று சொல்ல நினைத்தது அதற்குப் பிறகுதான் வந்தது. பரவாயில்லை, திக்கிய பிறகு சொன்னாலும் செல்லும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தது உங்களைச் சுட்டிருக்கிறது. அவர் பேருந்துக்காகப் பார்த்திருக்கலாம், உங்களுக்காகவே பார்த்திருக்கலாம், விடுங்கள். ஆனால் இடைவேளையில் ஒருவர் தேடி வந்து நீங்கள் சொன்ன கருத்துக்கு மறுப்புச் சொல்லிச் சண்டை போட்டார் என்கிறீர்களே, அதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய செய்தி. பரிதாபப்படுகிறவர்கள் நம்மோடு சண்டை போடமாட்டார்கள்.

இனி உங்கள் புதுக் கேள்வி: அடுத்த முறை ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டுமாம், மறுத்துவிடலாமா?

வாசிப்பில் சொல்லை மாற்ற முடியாது, அதனால் பயம் நியாயமானது. ஆனால் ஒரு சலுகை இருக்கிறது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் பெரும்பாலோருக்குத் திக்கு படிப்படியாகக் குறையும், முதல் சில தடவையிலேயே நல்ல வித்தியாசம் தெரியும். இது 1930-களிலிருந்தே தெரிந்த விஷயம். இந்தப் பலன் நீண்ட நேரம் நிற்காது, புது ஆட்கள் முன் கொஞ்சம் கரையவும் செய்யும். ஆகவே முந்தின வாரம் உருப்போட்டுப் பயனில்லை, அன்றைக்கே, கிளம்புவதற்கு முன் சத்தமாக வாசியுங்கள். முடிந்தால் ஒரு ஆளை எதிரே உட்கார வைத்து.

அப்படியும் முடியாது என்று தோன்றினால் இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கக் கேளுங்கள். சேர்ந்து வாசித்தால் திக்கு ஓடிப்போகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். உரையாடல் பகுதியாகப் பார்த்து எடுத்தால் இரண்டு பாத்திரம், இரண்டு குரல் என்று பிரித்துக்கொள்ளவும் வசதி, வேறொரு ஆளின் குரலில் பேசும்போது பலருக்கு நன்றாகவே வருகிறது. எந்தப் பக்கம் உங்களுக்கு என்று இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். நடத்துபவர் ‘அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று இழுத்தால், காரணத்தைச் சொல்லியே கேளுங்கள்.